யாருக்கென்று சொல்லாத வியாழக்கிழமை

மலேசியாவின் கிள்ளான் நகரில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில், நான் தாதியாகப் பணிபுரியும் டயாலிசிஸ் நிலையத்திற்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவர் லோகேஸ்வரி. நிர்வாக உதவியாளர். முன்பு சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வருகிறார். தொலைபேசி, நோயாளிப் பதிவு, மருந்துக் கொள்முதல், மருத்துவமனைகளுக்குக் கடிதம் எனப் பலவும் அவருடைய பணி விவரத்தில் உண்டு. அவர் செய்பவற்றுள் மிகக் கடினமானது மட்டும் அதில் இல்லை.

நிலையத்து நாற்காலி ஒவ்வொன்றிலும் திங்கள், புதன், வெள்ளிக்கு ஒரு குழு. செவ்வாய், வியாழன், சனிக்கு மறு குழு. ஒரே நாற்காலியில் ஆண்டுக்கணக்காகச் சாய்ந்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. காலி இடம் என்பது கிடையாது. தீபாவளியோ, நோன்புப் பெருநாளோ, சீனப் புத்தாண்டோ வந்தால் ஒருவருடைய நாளை இன்னொருவர் விட்டுத்தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பவர் லோகேஸ்வரி. கொடுத்தவர் யார் என்பதைப் பெற்றவருக்கும், பெற்றவர் யார் என்பதைக் கொடுத்தவருக்கும் அவர் சொல்வதில்லை. ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு நாள் கொடுத்த ஒருவர், பெற்றவரைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் அதை நினைவூட்டி நினைவூட்டியே நிலையத்தை விட்டு ஓடவைத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

தம்புசாமி ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். திங்கள் குழுவைச் சேர்ந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த புதன் தாம் வரப்போவதில்லை என்று போகிற போக்கில் சொன்னார். அன்று பொது விடுமுறை. ஜெஞ்சாரோமில் மகள் தாமரையின் திருமணம். காலையில் முகூர்த்தம், மாலையில் விருந்து.

"ஐயர்கிட்ட உங்க டயாலிசிஸ் நாளைச் சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டார் லோகேஸ்வரி.

"ஐயருக்கு எதுக்கு அது? ராகு காலம் பார்த்தாரு, எமகண்டம் பார்த்தாரு, மண்டபமும் கிடைச்சிருச்சு. ஒரு நாள்தானே லா."

சம்பந்திகளின் வசதி முதல் சமையல்காரரின் வசதிவரை விசாரித்த குடும்பத்தில், தந்தையின் நாற்காலியை யாரும் விசாரிக்கவில்லை. புதனை விட்டால் திங்களிலிருந்து வெள்ளி வரை உடலில் நீர் சேரும். சென்ற ஆண்டு அப்படித்தான் நுரையீரலில் நீர் ஏறி, அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வியாழக்கிழமை ஓர் இடம் கிடைத்தால் ஆபத்தில்லை. கிடைக்காவிட்டால், மகளைத் தாரைவார்த்த மறுநாள் அவர் எங்கே இருப்பார் என்பதைத் தலைமைத் தாதி தயங்கியே சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. லோகேஸ்வரி எவரையும் தொலைபேசியில் கேட்பதில்லை. நாற்காலிக்கு அருகே சென்று, குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் கேட்பார். மறுப்பவருக்கு வெட்கம் நேரக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. காய்கறி விற்கும் திருமதி லிம், புதன்கிழமை பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வீரம்மாவை ஏற்றிவரும் வேன் அன்று ஓடாது. மூன்றாவதாக கிஃபாயத்துல்லாவிடம் சென்றார். பெரிய சாலையில் உணவகம் நடத்துபவர் அவர்.

"அண்ணே, வர்ற வியாழன் உங்க இடம் வேணும். பதிலா புதன் தர்றேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. மறுபடி கேக்கமாட்டேன்."

"புதன் லீவு. கடையில கூட்டம் நிக்கும், தெரியும்ல?"

"தெரியும்."

"யாருக்கு?"

"சொல்லமாட்டேன்."

குழாயில் ஓடும் தம் இரத்தத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"ரெண்டு வருஷம் முன்ன பெருநாளைக்கு எனக்கு யாரு குடுத்தா?"

"அதையும் சொல்லமாட்டேன்."

கிஃபாயத்துல்லா சிரித்துவிட்டார். "சரி, எழுதிக்க தங்கச்சி."

உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை. நன்றி வந்துசேரும் என்ற நம்பிக்கைகூட இல்லை. ஆண்டின் மிகச் சிறந்த வியாபார நாள்களில் ஒன்றை ஒரு மனிதர் மூன்றே சொற்களில் கொடுத்துவிட்டார். அந்தக் கூடத்தில் இது எத்தனையோ ஆண்டுகளாக, இயந்திரங்களின் இரைச்சலுக்குக் கீழே, இப்படியே நடந்துவருகிறது என்று எண்ணிக்கொண்டே அவருடைய இயந்திரத்தின் அளவைக் குறித்தேன். லோகேஸ்வரியோ மேசைக்குத் திரும்பி, அடுத்த தொலைபேசி அழைப்பை எடுத்துவிட்டார்.

புதன்கிழமை தம்புசாமி மகளைத் தாரைவார்த்தார். வியாழன் காலை, நெற்றியில் சந்தனம் அழியாமல் வந்து, அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவே கிஃபாயத்துல்லாவின் நாற்காலியில் சாய்ந்தார். எழுந்தபோது எடை சரியாக இருந்தது. மூச்சும் சீராக இருந்தது.

வெள்ளியன்று தம் வழக்கமான நாளில் வந்தவர், லோகேஸ்வரியின் மேசைமுன் நின்றார்.

"யாருன்னு மட்டும் சொல்லு மா. கையப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்."

லோகேஸ்வரி முடியாது என்று தலையை அசைத்தார். தம்புசாமி கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றே எண்ணினோம். திரும்பி வந்தபோது அவருடைய மருமகன் விஜயன் இரண்டு பெரிய பெட்டிகளைச் சுமந்து வந்தார். உள்ளே திருமணத் தாம்பூலப் பைகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்று வைத்தார் தம்புசாமி. மற்றப் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளினார்.

"இது நாளைக்கு வர்றவங்களுக்கு. யாருன்னு நீ சொல்லமாட்டே. அப்ப எல்லாருக்கும் தான்."

சனிக்கிழமை, தம் நாற்காலியில் இருந்த பையை கிஃபாயத்துல்லா எடுத்துப் பார்த்தார். தாமரை, விஜயன் என்று பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவருக்கு இருவரையும் தெரியாது. கூடம் முழுவதும் அதே பை இருப்பதைக் கண்டார். பிறகு லோகேஸ்வரியைப் பார்த்தார். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கட்டும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, தாதியிடம் கையை நீட்டினார்.