திரும்பி வரும் கோடு

வெள்ளைப் பலகையில் மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தில் வேலை இல்லாதவர்கள், இரண்டாவதில் பயிற்சியில் இருப்பவர்கள், மூன்றாவதில் வேலையில் இருப்பவர்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தடித்த அம்புக்குறிகள். மூன்றாவதிலிருந்து முதல் வட்டத்துக்குத் திரும்பி வரும் கோடு மட்டும் மயிரிழை போல இருந்தது. கணக்கு சார் அதைப் போடும்போது மார்க்கரை அழுத்தவே இல்லை. பயிற்சி கொடுத்தால் வேலையில்லாத் திண்டாட்டம் எவ்வளவு குறையும் என்று மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கல்லூரியில் பலகை துடைப்பவன், டீ வாங்கி வருபவன். நான்காம் வகுப்போடு நின்றுவிட்டவன். யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழகாதவன். "அழிக்காதீங்க அண்ணா, இருக்கட்டும்" என்றார் சார். அந்தக் கோட்டில் என் மச்சான் இருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மச்சான் என் மனைவியின் தம்பி. குரோம்பேட்டையில் அவன் வேலை பார்த்த பட்டறை மூடியதும், தாம்பரத்தில் ஒரு மையத்தில் ஏசி பழுதுபார்க்கப் பயிற்சி தருகிறார்கள் என்று சார்தான் சொன்னார். சேர்ந்தான். வேலையும் கிடைத்தது. வெயில் முடியும்வரை அவனை மாடி மாடியாக ஏற்றி இறக்கினார்கள். மழை பிடித்ததும், "கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். கூப்பிடவே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் டூல்ஸ் பையோடு கிளம்புவான். எங்கள் தெருவில் ஆம்பளை பகலில் வீட்டிலிருந்தால், "இன்னாபா, லீவா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். அதற்குப் பயந்து தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பான். "எல்லா டிரெய்னையும் நான்தான் மாமா அனுப்பி வைக்கிறேன். ரயில்வேகாரன் சம்பளம்தான் தர மாட்றான்" என்று சிரிப்பான்.

அஸ்தினாபுரத்திலிருந்து பெண் வீட்டார் மச்சானை மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று அவன் போன் அடித்தது. மையத்திலிருந்து ஒரு பெண். அந்தப் பழைய போனில் பேசுவது கூடத்துக்கே கேட்கும்.

"பயிற்சி முடிச்சிருக்கீங்க இல்லையா? இப்ப வேலைல இருக்கீங்களா?"

பெண்ணின் அப்பா காபியை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கேன் மேடம். நல்லா போய்கினு கீது."

பிறகு சமையலறையில் என்னிடம் முணுமுணுத்தான். "மாமனாராவப் போறவரு எதுர்ல குந்திகினு கீறாரு. இல்லன்னு எப்படி மாமா சொல்றது?"

அதே மையத்தில் பிறகு இன்னொரு பயிற்சி தொடங்கினார்கள். குளிர்பதனக் கிடங்கு வேலை. முடித்தவர்களை ஒரு கம்பெனி நேராக எடுத்துக்கொள்ளும். வருஷம் முழுக்க உள்ள வேலை. நானும் கூடப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வேலை இல்லாதவங்களுக்கு. நீங்க வேலைல இருக்கீங்களே."

"இல்ல மேடம், அது போய்ட்சி."

"நீங்களேதானே சொல்லியிருக்கீங்க?"

"ஆமா, சொன்னேன்" என்றான் மச்சான். அதற்கு மேல் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் டீயை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக சாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கோடு ஏன் சார் அவ்வளவு மெல்லிசு?

"மையத்துல போன்ல கேட்டுத் தர்ற பதிலை வெச்சுதான் அண்ணா போடுறோம். வேலை போச்சுன்னு யாருமே சொல்றதில்ல."

மச்சானைப் பற்றிச் சொன்னேன். "பொய் சொன்னா இந்தக் கணக்கு மாடல் என்ன பண்ணும் அண்ணா?" என்று பலகையைக் காட்டிக் கேட்டுவிட்டு சார் டீயை எடுத்துக்கொண்டார்.

பொய்தான். மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் நடுவே ஒருத்தனைக் கூப்பிட்டு, "உனக்கு மானம் இருக்கிறதா?" என்று கேட்டால் அவன் வேறென்ன பதில் சொல்வான்? எங்கே வேலை, போன மாதம் சம்பளம் வந்ததா என்று நேரில் வந்து கேட்க ஓர் ஆள் இல்லை. ஒரு "ஆமாம்" போதும், அவனை மூன்றாவது வட்டத்துக்குள் போட்டுப் பூட்டிவிடலாம். அவனைப் போல எத்தனை பேர் டூல்ஸ் பையோடு எந்தெந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்களோ! அவர்கள் அத்தனை பேரின் வெட்கத்தையும் சேர்த்துத்தான், பயிற்சி வெற்றி என்று பலகையில் எழுதுகிறார்கள்.

விஷயம் தெரிந்து பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். மச்சான் இப்போது கோவளத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். படகு வந்தால் வேலை, வராவிட்டால் மணல். பயிற்சிச் சான்றிதழை இங்கே எங்கள் பீரோவிலேயே விட்டுவிட்டுப் போனான்.

சார் புதிய மாணவர்களுக்கு நேற்றும் அதே படத்தைப் போட்டார். அதே தடித்த அம்புகள், அதே மயிரிழை. "துடைச்சிடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். துணியை எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். திரும்பி வரும் அந்தக் கோட்டின் மேலேயே, முனை நசுங்கும்வரை அழுத்தி அழுத்தி இழுத்தேன். துடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.