ஐரோப்பா வாங்காத மீனுக்கு நான் உடைத்த தேங்காய்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப்போட்டேன். கொப்பியை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்கு வரும் லொறியில் மீன் எடுத்துக் கம்பளைச் சந்தையில் விற்கிறேன். ஐரோப்பாவில் விலை ஏறினால் நீர்கொழும்பின் கெலவல்லா என்கிற நல்ல சூரை மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் பிளேன் ஏறிவிடும். எங்களுக்குச் சாளையும் கருவாடும்தான். அதனால் லொறிக்காரரைக் கண்டதும், "அங்க என்னா வெலை?" என்றுதான் கேட்பேன்.

ஒரு வருடம், நம் நாட்டு மீன் வேண்டாம் என்று ஐரோப்பாக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பிளேன் ஏற வேண்டிய மீன் மலை ஏறியது. விலை சரிந்தது. அந்தச் சிவப்புச் சதையைப் பார்த்த தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர், "என்னண்ணே, மீனுன்னு சொல்லி மாட்டெறச்சிய தள்ளப் பாக்குறீங்களா?" என்று சிரித்தார். மறுநாள் தங்கையையும் கூட்டிவந்தார். பத்து மணிக்கெல்லாம் எல்லாம் விற்றுப் பலகையைக் கழுவினேன்.

ஆனாலும் மனம் ஒரு நிலையில் இல்லை. நாளைக்கே ஐரோப்பாக்காரர்கள் திரும்ப வாங்கத் தொடங்கிவிட்டால்? வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை, கடையும் திறப்பதில்லை. அன்று குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சிதறுதேங்காய் உடைப்பேன். "அவங்க வாங்கக்கூடாது சாமி." வாராவாரம் அதே வேண்டுதல்.

மூன்றாம் மாதம் என் மனைவியின் தம்பி பையோடு வந்து நின்றார். ஏற்றுமதிக்கு மீன் வெட்டும் கம்பெனியில் வேலை செய்தவர், வேலை போய்விட்டது. வாடகை வீட்டை விட்டு, மாசமாக இருந்த மனைவியைத் தாய்வீட்டில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். என் பலகையிலேயே மீன் வெட்ட நின்றார்.

வெள்ளிக்கிழமை அவரும் ஒரு தேங்காயோடு வந்தார்.

"நீங்க என்னா வேண்டிக்கிறீங்க மச்சான்?"

"யாவாரத்துக்குத்தான்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு. வெள்ளக்காரன் மறுபடி வாங்கணும். புள்ள பொறக்குறதுக்குள்ள நான் வேலைக்குப் போயிறணும்."

அவர் ஓங்கி உடைத்தார். என் தேங்காய் கையிலேயே இருந்தது. பின்னால் நின்றவர், "ஒடைங்கண்ணே, கறிக்குக் கொண்டுபோகவா பாக்குறீங்க?" என்றார். உடைத்தேன். வாய் பேசவில்லை, மனம் பழையதையே கேட்டது. அடுத்த வாரங்களிலும் அப்படித்தான். ஒரே கல்லில் இரண்டு தேங்காய், ஒன்றுக்கொன்று எதிராக.

பிள்ளை பிறந்தது. வேலை வரவில்லை. மச்சான் போய்ப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பி வந்து கத்தியைத் தீட்டினார். அந்த வெள்ளிக்கிழமை நான் தேங்காய் வாங்கவில்லை. அவருக்கு வேலை கிடைக்கட்டும் என்று கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை.

கடைசியில் ஐரோப்பாக்காரர்கள் மறுபடி வாங்கத் தொடங்கினார்கள், கம்பெனி அவரை அழைத்தது. மீன் இரத்தம் காயாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒடைச்ச தேங்கா வீண்போகல மச்சான்" என்று அழுதார். நான் தலையாட்டினேன்.

இப்போது அந்தப் பிள்ளை கோயிலுக்கு வந்தால், "எங்க மாமா ஒடைச்ச தேங்காயாலதான் அப்பாவுக்கு வேலை கெடச்சிச்சு" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. இதை முதலில் மச்சானிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எனக்காக இரங்கி எதையும் மாற்றிவிடாதீர்கள். நான் எதற்காக உடைத்தேனோ, அதையே சொல்லுங்கள்.