பழுக்கும் முன் பறித்த குடைமிளகாய்

ஐந்து மாதமாக உங்களிடம் ஒன்றை மறைத்து வந்தேன். வெயில், ட்ராஃபிக், பக்கத்து ஃப்ளாட் பூனை என்று வாரா வாரம் இந்தப் பத்தியில் எதையோ எழுதி ஒப்பேற்றினேன். போன வெள்ளிக்கிழமை வீட்டில் நடந்ததற்குப் பிறகு மறைக்க மனமில்லை. சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் கணவர் பாஸ்கர் காலை பதினோரு மணிக்கே ஆபீஸிலிருந்து திரும்பி வந்தார். தோளில் லேப்டாப் பை இல்லை. ஷார்ஜாவில் எங்கள் ஃப்ளாட் சமையலறையில் நான் ஃப்ரைடு ரைஸுக்குச் சிவப்புக் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"கலாஸ், முடிஞ்சு போச்சு. அனுப்பிட்டாங்க. டிபார்ட்மென்டையே மூடிட்டாங்க."

பன்னிரண்டு வருட வேலை! அதை இவ்வளவுதான் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து, பலகையில் சிதறிக்கிடந்த விதைகளை விரலால் ஒன்றுசேர்க்க ஆரம்பித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இது போட்டா முளைக்குமா?"

வளைகுடாவில் வேலை போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னாலேயே விசாவும் போகும். கெடு முடிவதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கள் மகள் தியாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஊர் என்றால் இதுதான்.

விதைகளை நிழலில் உலர்த்தி, காலி முட்டை அட்டையில் மண் நிரப்பி, குழிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விதை போட்டார். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது...

காலையில் பார்ப்பார். காபி குடித்துவிட்டுப் பார்ப்பார். யாருக்காவது சிவி அனுப்பிவிட்டுப் பார்ப்பார். போனைத் திறந்து மெயில் வந்திருக்கிறதா, மண்ணைக் குனிந்து முளை வந்திருக்கிறதா — நாள் முழுக்க இதே நடை. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று யார் சொன்னது? அது முழுநேர வேலை. லீவே கிடையாது.

நான்காம் நாள் டூத்பிக்கால் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். உள்ளே வெள்ளையாக நூல்போல ஒரு வேர் விட்டிருந்தது. அது ஒடிந்துபோயிருந்தது.

"வந்துக்கிட்டுதான இருந்துச்சு... அதுக்குள்ள ஏங்க நோண்டுனீங்க?"

 ஒடிந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போன அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அட்டையைப் பிடுங்கி, கதகதப்பாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்தேன். அடுத்த வாரம் ஏழு முளைத்தன.

நாற்றுகளில் நான்கு இலை வந்தபோது வேலையும் வந்தது. கம்பெனி துபாய்தான், விசாவும் இங்கேதான். ஆனால் முதல் எட்டு மாதம் ரியாத் ப்ராஜெக்ட். உயரமாக வளர்ந்த மூன்று நாற்றுகளைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றி, பால்கனியில் வெயில் படும் மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அங்கே போயும் அதே பதற்றம்தான். ரியாத்தின் பத்தா பகுதியில் தமிழ் மெஸ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாராம். சாப்பிட்டு ரூமுக்கு வந்ததும் வீடியோ காலில் வருவார். வந்ததும், "கீதா, செடிகிட்ட போ."

போவேன். "இலைக்கு அடியில காட்டு. பூச்சி இருக்கா பாரு." பூக்கள் உதிர ஆரம்பித்தபோது, "மூடுன பால்கனியில மகரந்தம் உதிர காத்து எங்க இருக்கு? காம்பை விரலால லேசா சுண்டு. இன்னும் லேசா..." ரியாத்திலிருந்து ஒருவர் சொல்ல, ஷார்ஜாவில் ஒருத்தி பூவைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அப்படியும் பிடித்தது ஐந்து பிஞ்சுதான். முதல் பிஞ்சு மளமளவென்று பருத்தது. சிவக்கிறவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

இந்தக் கூத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. தியா கவனித்திருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை துபாயில் அரை நாள் பள்ளி முடிந்து வந்தாள். நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தக் குடைமிளகாய்! உடம்பெல்லாம் பச்சை, மேலே மட்டும் ஒரு சிவப்புக் கீற்று.

"ஏய்! ஏண்டி பறிச்ச?"

"அப்பா ஆல்வேஸ் செடியைத்தான் பாக்கறாங்க. என்னைப் பாக்கறதே இல்ல. நௌ ஹி ஹேஸ் டு லுக் அட் மீ."

அடிக்க ஓங்கின கை அப்படியே நின்றது. நானும்தானே தினமும் போனைச் செடிப் பக்கம் திருப்பினேன்? அவள் பக்கம் ஒரு தடவையாவது திருப்பினேனா?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ரியாத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் எடுப்பதற்குள் தியாவே எடுத்தாள். குடைமிளகாயைத் தன் கன்னத்தோடு ஒட்டி கேமராவுக்குக் காட்டினாள்.

பாஸ்கர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார். 

"கோவமா இருக்கியாடா?" என்றார்.

"யெஸ்."

"உன் மூஞ்சியப் பாத்தா அப்பாவுக்குப் பேச வரமாட்டேங்குதுடா கண்ணா. அழுதுருவேனோன்னு பயம். செடின்னா பேசிரலாம்."

தியா கொஞ்சம் யோசித்தாள். "ஸோ க்ரை. நானும்தான் அழறேன், நீங்க இல்லாதப்ப. நோபடி டைஸ்."

அழுதார். மறைக்காமல், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அக்டோபர் செவ்வாய்க்கிழமையிலிருந்து தேக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. நான் சமையலறைக்குப் போய், ஓடாத மிக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தியா காயை ஒரு கடி கடித்துவிட்டு, "யக்! கசக்குது!" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு ஸ்கூல் பஸ்ஸில் யாரோடு சண்டை, எந்தப் பல் ஆடுகிறது, மேத்ஸில் ஏன் மார்க் குறைந்தது என்று வரிசையாகக் கதை. பாஸ்கர் தாடையைக் கையில் ஏந்தி, அவளையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று பேருமே மறந்துபோனோம்!