மூன்றாவது துளை

எல்டாவுக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவாள். குரோடேல் கண்ணாடி நிறுவனத்தின் ஐம்பதாண்டு வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்த காலையில் ஆறு தடவை கழற்றிவிட்டாள்.

நிறுவனர் தீத்தா ஒரு மலை உச்சியில் பனிப்புயலில் சிக்கினாராம். கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து கண் தெரியாமல் போக, கத்தியை உருவி மேல் விளிம்பில் நான்கு துளை போட்டாராம். ஆவி படராத பனிச்சறுக்குக் கண்ணாடி அப்படித்தான் பிறந்ததாம். மூன்றாவது துளை கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருப்பது பல வருடக் காற்று ஆராய்ச்சியின் பலனாம்.

"காத்து ஆராய்ச்சியாம்! அந்த மனுசன் கிராப்பா சாராயக் கடையைத் தாண்டி மேல ஏறினதே கிடையாது!" என்று புருஷனிடம் கத்தினாள்.

"விடுடி. செத்துப்போனவர்" என்றான் பெர்த்தோ.

"செத்துட்டா பொய் உண்மையாயிடுமா?"

ஐம்பது வருடத்துக்கு முன்பு கதோரே மலைப்பகுதியில் பெண்கள் தீத்தாவிடமிருந்து கண்ணாடிச் சட்டங்களை மூட்டையாக வாங்கிவந்து அடுப்படியிலேயே வேலை செய்வார்கள். பக்கவாட்டில் தலைப்பட்டை கோக்கத் துளை போடுவது எல்டாவின் வேலை. அளவுக்கு ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தாள், நான்கு துளையோடு. மரத்தில் கணு இருந்ததால் மூன்றாவது துளை விலகிவிட்டது. பட்டைக்குள் மறைந்துவிடும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் ஒரு கை பொலெந்தா களியைக் கிண்ட, மறு கை துளை போட்டது. களியை விட்டால் அடிப்பிடிக்கும். பலகையைப் பக்கவாட்டில் வைக்காமல் மேல் விளிம்பில் வைத்து துளை போட்டு மூட்டை முழுவதையும் பாழாக்கிவிட்டாள். தீத்தா வாய்க்கு வந்தபடி ஏசினார். கழிவுதானே என்று பனிச்சறுக்குப் பள்ளிக்கு இனாமாகக் கொடுத்தார். பத்து நாளில் பயிற்சியாளர்கள் வாசலில் வந்து நின்றார்கள், ஆவியே படரவில்லை, இன்னும் வேண்டும் என்று. தீத்தா அதே சட்டத்தை வைத்து அச்சு எடுத்தார், விலகிய துளையோடு. எல்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்புச் செய்தவள் அவள், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வெட்கத்தை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் பலகையோடு தீத்தாவின் மகன் ரென்சோவின் அறைக்குள் போய் நின்றாள்.

"டேய் ரென்சோ, உங்க கண்ணாடியை எடுத்து இதுல வை."

வைத்தான். நான்கு துளையும் அச்சாகப் பொருந்தின, மூன்றாவதும்தான். அவன் முகம் சிவந்தது.

"எல்டாக்கா... இது தெரியாமப் போச்சே!"

"புத்தகத்துல என் பேரைப் போடு. எல்டா தப்பாப் போட்ட துளைன்னே போடு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"புத்தகம் அச்சாயிடுச்சுக்கா. ஆனா புதுசா காட்சி அறை திறக்கறோமில்ல? பலகையைக் குடுங்க. நடுவுல வைக்கிறேன், பேரோட."

கொடுத்தாள். திருமண நாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு திறப்பு விழாவுக்கும் போனாள். சொன்னபடி அறையின் நடுவில், கண்ணாடிப் பேழைக்குள், விளக்கு வெளிச்சத்தில் பலகை இருந்தது. கீழே பேரும் இருந்தது: "நிறுவனர் தீத்தா தன் கையால் செய்த முதல் அளவுப் பலகை."

"திறடா!" என்றாள்.

"சாவி வெனிசுல இருக்குக்கா. காப்பீட்டுக்காரங்க..."

ஐம்பது வருடமாக எல்டாவின் அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பலகைதான் முட்டுக்கொடுத்து நின்றது. இப்போது காற்றடிக்கும்போதெல்லாம் ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்கிறது. வேறு கட்டை வைக்கலாமே என்கிறான் பெர்த்தோ. அவள் வைக்க விடுவதில்லை.