பறக்கிற நேரம் மட்டும்

வெளிநாட்டு நகரம் ஒன்றில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறவனை எல்லோரும் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரையெல்லாம் ஏற்றி அனுப்புகிறவன்; அவன் பறப்பதோ, வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் போனால் அதிகம்.

தூரத்தைக் கேட்டு மலைத்து நிற்பவர்களை உட்காரவைக்க அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கிற நேரத்தை மட்டும் சொல்வார்கள். நடுவில் விமானம் மாறக் காத்துக் கிடப்பது, வரிசையில் கால் கடுக்க நிற்பது, இறங்கியபின் பிடிக்கவேண்டிய பஸ் எல்லாம் டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் பேச்சில் வரும். “ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்னா பயந்துடுறதா? ஒன்பது மணி நேரந்தாங்க. ஒரு தூக்கம் போட்டா ஊரு!”

பழக்கதோஷம், அம்மாவிடமும் அதையே சொன்னான். அவன் பெட்டியைக் கட்டும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும்.

“எதுக்கும்மா அழறீங்க? ஒன்பது மணி நேரம். கூப்பிட்டீங்கன்னா காலைல கிளம்பி சாயந்தரம் வந்து நிப்பேன்.”

அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, “பெத்த புள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டியே” என்று வாயெடுத்தால் போதும். “போடி, டவுன்ல இருந்து உன் புள்ள பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள என் புள்ள வந்துடுவான்.”

அம்மாவுக்கு ஒருநாள் காலையில் மூச்சு வாங்கியது. வேண்டியவர்களை வரச்சொல்லிவிடுவது நல்லது என்றார் டாக்டர். கூட இருந்த தங்கை அவனைக் கூப்பிடப் போனை எடுத்ததும் அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“இப்பவே ஏன்டி? அவன் வேலை கெடும். ஒன்பது மணி நேரந்தானே, ரொம்ப முடியலேன்னா கூப்பிட்டுக்கலாம்.”

தங்கையும் அந்த ஒன்பதை நம்பினாள். மறுநாள்தான் கூப்பிட்டாள். போட்டது போட்டபடி கிளம்பினான் அவன்.

நடுவழி விமான நிலையத்தில் தூண் ஓரமாய்ச் சார்ஜரைச் செருகிக்கொண்டு நின்றபோது தங்கையின் அழைப்பு வந்தது.

“எங்கண்ணா இருக்கே? இறங்கிட்டியா?”

“பாதி வழியில. அடுத்த பிளைட்டுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு.”

“பாதி வழியா?” என்றாள் தங்கை. “நடுவுல இப்படிக் காத்துக் கிடக்கணும்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே. நேத்தே கூப்பிட்டிருப்பேனே!”

ஒன்பது மணி நேரம். ஆயிரம் பேருக்குச் சொன்ன கணக்கு.

அவன் வாசலில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நீ கிளம்பிட்டேன்னதும் தலை சீவிவிடச் சொன்னாங்க. அப்புறம் மணி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு வேற வழி தெரியல. ஜன்னலைச் சாத்திட்டு, இன்னும் சாயந்தரம் ஆகலம்மான்னேன்.”

“நம்பினாங்களா?”

“தெரியலண்ணா. ‘சரி’ன்னாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு, ‘வாசல் லைட்டைப் போடுடி, புள்ள இருட்டுல தடுமாறப் போறான்’னாங்க. அதுக்கப்புறம் பேசல.”