மூலை மாறிய அடுப்பு

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்ததும் வெட்டிய குச்சிகளைக் கூலிக்குப் போகும் பெண்கள் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எண்பதுகளில் காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு அதுதான் விறகு. கொடிக்கு அடித்த மயில்துத்த மருந்து குச்சியிலும் படிந்திருக்கும். பற்றவைத்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும். வாடகை வீட்டில் இருந்தது ஒரே அறை. என் இரண்டு வயது மகள் அந்தப் புகையில் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். "பிள்ளையைப் புகையில வைக்காத" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். வேறு எங்கே வைப்பேன்?

அப்போதுதான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து புகையில்லா அடுப்பு போட ஒருவர் வந்தார். அதுவும் மண் அடுப்புதான். ஆனால் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். எங்கள் அடுப்பு, வழக்கப்படி, தென்கிழக்கு மூலையில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் முற்றம்.

"ஒங்க புகையை எங்க முத்தத்துல விடுவீகளோ? நாங்க என்ன கருவாடா?" என்று அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்தவர் தெருப் பக்கம் இருந்த வடமேற்கு மூலையைக் காட்டினார். மாமியார் குறுக்கே நின்றார்.

"அக்கினி மூலையை விட்டு அடுப்பு நகந்தா குடும்பம் வெளங்குமா? பெரியவுக எல்லாம் கூறுகெட்டவுகளா?"

தோட்டத்தில் பேர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறவள் நான். அன்றும் கைதான் முந்தியது. கடப்பாரையை எடுத்துப் பழைய அடுப்பை இடித்தேன். பிறகுதான் குரல் வந்தது.

"இங்கன போடுங்கண்ணே."

"எம்மகன் வரட்டும்" என்றார் மாமியார்.

"வரட்டும் அத்தை. அவுகளுக்கும் இதுலதான் சோறு."

என் கணவர் வந்தார், அடுப்பைப் பார்த்தார், கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் மட்டும் வாசலில் மூன்று கல்லைக் கூட்டித் தனியாகக் கஞ்சி காய்ச்சினார். அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல்.

"பாத்தியா? மூலை மாறுச்சு, பிள்ளை படுத்துருச்சு."

எனக்கும் பயம்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட, பழைய இடத்துக்கே மாற்றிவிடு என்றார்கள். மாற்றவில்லை. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. இழுப்பு உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்லத்தான் குறைந்தது.

அடைமழையில் வாசல் கல் நனைந்த பிறகு மாமியார் உள்ளே வந்தார். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சோத்தை வையி. அதை நான் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம் அத்தை. சாப்பிடுங்க."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்திலேயே மகள் தூங்கினாள், வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டபடி.