பெட்டிக்குத் தீனி தேடிய சபியா டீச்சர்

சபியா டீச்சர் இறந்த செய்தி என் கைப்பேசிக்கு எழுத்தாக வந்தது. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த வயதில்தான். அதனால் எது வந்தாலும் பிறரிடம் நீட்டாமல் நானே எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று விடிகாலையும் ச, பி, யா என்று கூட்டி, டீச்சர் பெயர் வந்ததும் சிரித்துக்கொண்டேன். மழைக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வார்த்தை நீளமாக இருந்தது. ‘காலமானார்’ என்று முடிந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

அவரோடு கல்லூரியில் வேலை பார்த்த நீங்கள், எங்கள் மலையில் அவர் செய்ததை எழுதச் சொன்னீர்கள். மெதுவாகத்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலை பார்ப்பது போடிமெட்டுக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில். நான் அங்கே காவல்காரன். என் மருமகள் செல்வி கொழுந்து பறிக்கிறாள். காலையில் பெண்கள் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடிப் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் காட்டுக்குப் போவார்கள். ஏழாம் நம்பர் காட்டில் யானை நிற்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் டீச்சர் களத்துக்கு மேலே ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு பெட்டி வைத்தார். பெட்டியில் காது மாதிரி ஒரு மைக், பாட்டரி, மேலே வெயில் வாங்கும் தகடு. யானைகள் தங்களுக்குள் பேசும் அடிக்குரல் நமக்குக் கேட்காது. உள்ளே இருக்கும் சின்னக் கணினிச் சில்லு அதைப் பிரித்தறிந்து சிவப்பு விளக்கை எரிய வைக்கும். அந்தச் சில்லு குருவி மாதிரி, கொஞ்சமாகத்தான் தின்னும் என்றார் டீச்சர். “ஆனா அந்தக் கொஞ்சத்த எப்படி ஊட்டறதுங்கறதுதானுங்க எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது” என்றார். அவர் கொங்குப் பக்கத்துக் கோபாலபுரத்துக்காரர். நான் வெறும் காவல்காரன்தான் என்றாலும் எனக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தின் வேகத்தைச் சில்லு தாங்காதாம். அதைக் குறைத்துக் கொடுக்க இரண்டு வழி உண்டாம். ஒன்று, மிச்சத்தைச் சூடாக்கி வீணடித்துவிட்டுச் சத்தமில்லாமல் கொடுப்பது. இன்னொன்று, வேகவேகமாகத் திறந்து மூடிப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பது. இது சிக்கனம். எங்கள் மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது என்பதால் டீச்சர் சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு ஆரம்பித்தது தொல்லை. காடு அமைதியாக இருக்கும் காலையில்தான் சிவப்பு விளக்கு எரியும். நான் போய்ப் பார்த்தால் ஒரு சாணி உருண்டைகூட இருக்காது. பெண்கள் விளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே காட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். உண்மையாகவே யானை வரும் நாளிலும் இப்படித்தானே போவார்கள்?

டீச்சர் வந்து ஒரு பகல் முழுவதும் மழைக்கோட்டோடு கம்பத்தடியில் உட்கார்ந்து அளந்தார். சுற்றிலும் சத்தம் இல்லாதபோது சில்லு தூங்குகிறது. தூங்கும்போது அதற்குத் தீனி அதிகம் வேண்டாம். அதனால் பொட்டலம் போடுகிறவனும் சோம்பேறியாகி எப்போதாவது ஒன்று போடுகிறான். அந்த மந்தமான துடிப்பு காதின் கம்பி வழியாக ஏறி, யானையின் அடிக்குரல் மாதிரியே சில்லுக்குக் கேட்கிறது. இதை அவர் விளக்கியதும் செல்வி சும்மா இருக்கவில்லை.

“அப்ப மாமா, ஒங்க பெட்டி தன் வயித்து எரைச்சலக் கேட்டே ஆனைன்னு பயந்துக்கிட்டு இருந்திருக்கு.”

டீச்சர் சிரித்தார். “அதேதான் கண்ணு. தப்பு பெட்டிமேல இல்ல. தீனி போட்டவ மேல.”

அன்றே அதைக் கழற்றிவிட்டு, சூடாக்கி வீணடிக்கும் அமைதியான வகையை மாட்டினார். பொய்யான சிவப்பு நின்றுபோனது. செல்விக்குப் பெட்டியின்மேல் பக்தியே வந்துவிட்டது. பிள்ளையார் வருவதைச் சொல்லும் பெட்டி அல்லவா. வெள்ளிக்கிழமைதோறும் கம்பத்தில் ஏறிச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மழை பிடித்த பிறகு ஒரு காலை. சிவப்பு இல்லை. பெண்கள் ஏழாம் நம்பர் காட்டுக்கு ஏறினார்கள், செல்வி முன்னால். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் யானை நின்றது. கூடையைப் போட்டுவிட்டு ஓடியவள் ஓடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். யானை கூடையை மிதித்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் கம்பத்துக்கு ஓடினேன். பெட்டி செத்துக் கிடந்தது. பாட்டரியில் ஒன்றுமே இல்லை.

சேதி கேட்டதும் டீச்சர் பஸ் பிடித்து வந்தார். முதலில் செல்வியைப் பார்த்தார். பிறகு கம்பத்தில் ஏறினார். தகடு முழுக்கச் சந்தனம் மழைக்கும் கரையாமல் அப்பி வெயிலை மறைத்திருந்தது. அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து செல்வியின் கட்டிலில் உட்கார்ந்தார்.

“பொட்டு வெச்சது நல்லதுதான் கண்ணு. ஆனா கண்ணுல வெக்கக் கூடாது, நெத்தியில வெக்கணும். பெட்டிக்கு நெத்தி எதுன்னு நானல்லோ சொல்லியிருக்கணும்.”

செல்வி அழுதாள். “நான் வெச்ச வெனைதான் டீச்சர்.”

“சந்தனத்து மேல பழியப் போட்டுட்டு நான் ஊடு போயிறலாம். அடுத்த வாரம் மேகம் எறங்கி இதவிடப் பெரிய பொட்டு வெக்கும். அப்ப யாரு மேல பழி போடறது?”

அந்தப் பயணத்தில் இரண்டு காரியம் செய்தார். பெரும்பகுதி வேகத்தைச் சிக்கனக்காரனே குறைக்கட்டும், காதுக்குப் போகும் கடைசிப் படியை மட்டும் அமைதியானவன் குறைக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். வீணாவதும் குறைந்தது, இரைச்சலும் போனது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சிவப்பு விளக்கையே எடுத்துவிட்டார். அதற்குப் பதில் ஒரு வெள்ளை விளக்கு. பெட்டி விழித்திருந்து, யானையும் இல்லையென்றால் அது மின்னும். யானை வந்தாலும் மின்னாது, பெட்டி செத்தாலும் மின்னாது.

“செத்துப்போனதும் ஒண்ணுமில்லைங்கறதும் ஒரே மாதிரி தெரிஞ்சுதுங்க, அதுதான் என் தப்பு” என்றார்.

“மேகம் மூடி வெளக்குத் தெரியலேன்னா?” என்று கேட்டேன்.

“நீங்க கிட்டப் போய்ப் பாத்துட்டு வர்ற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது.”

பெண்களை வேலை வாங்கும் கண்காணி முணுமுணுத்தார், வேலை கெடுகிறதாம். டீச்சர் அவரை ஏறிட்டுப் பார்த்து, “அப்படின்னா நீங்க முன்னால போங்க, அவங்க பின்னால வருவாங்க” என்றார்.

எனக்கு மட்டும் பயம் போகவில்லை. வெள்ளை மின்னினாலும் பயம். வாரத்துக்கு ஒருமுறையாவது டீச்சரைப் போனில் கூப்பிட்டுவிடுவேன். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. “பயம் நல்லதுங்ண்ணா. பயந்துட்டுச் சும்மா நிக்காதீங்க, அளந்து பாருங்க” என்று, ஒருமுறை வந்தபோது பாட்டரி அளக்கும் மீட்டரைக் கொடுத்து, அதன் கம்பிமுள்ளை எங்கே வைக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆட்களை நிறுத்த வேண்டும் என்று காட்டினார். தனக்கு உடம்பு சரியில்லை என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

செய்தியைப் படித்த அன்று கம்பத்தடிக்குப் போனேன். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தேன், எண் சரியாக இருந்தது. இருந்தும் கையை ஆட்டிப் போகச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு இது தப்புச் செய்தால் யாரைக் கூப்பிடுவேன்? கீழே பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் செல்விதான் குரல் கொடுத்தாள்.

“என்ன மாமா, போகலாமா வேண்டாமா?”

முள்ளை எடுத்துத் துடைத்துவிட்டு, இன்னொருமுறை வைத்துப் பார்த்தேன். அதே எண். போகச் சொன்னேன்.

உங்களுக்கெல்லாம் அவர் பாடம் விட்டுப் போயிருப்பார். எனக்கு விட்டுப் போனது, சரியாக இருப்பதையும் இன்னொருமுறை அளக்கச் சொல்லும் இந்தப் பயம். காலையில் அதோடுதான் மேலே ஏறுகிறேன். செல்வி கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பி வரும்வரை அதை இறக்கி வைப்பதில்லை.